ஒன்றியம், கூட்டணி, கூழ்க் கிடாரம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தின் படியேறிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். உயரட்டும். அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. வீட்டில் யாரும் மறிக்கவும் இல்லை. ஒரு காலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆமி, அதாவது இராணுவம், வந்தது. வகுப்பறைகளில் படுத்தது. பிறகு போகவேயில்லை. பிள்ளைகள் இருந்து எழுதிய வாங்குப் பலகைகள் அடுப்புக்குப் போயின என்று அம்மா ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அந்தக் கதையை அவர் நீட்டுவதில்லை.

அப்படியான வீட்டிலிருந்து போய், முதுகலை ஆய்வுக்கு நான் தேர்ந்தெடுத்தது படைகளைப் பற்றிய ஒரு தலைப்பு.

தலைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த அரசியல் ஒன்றியம் ஒன்று இருக்கிறது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரையிலும் உள்ள நாடுகள் சேர்ந்த பாதுகாப்புக் கூட்டணி ஒன்றும் இருக்கிறது. நாங்கள் இப்போது வாழும் கனடா கூட்டணியில் இருக்கிறது, ஒன்றியத்தில் இல்லை. இரண்டுக்கும் தலைமையகம் பிரசல்ஸ் நகரத்தில். உறுப்பு நாடுகளில் பெரும்பாலானவை இரண்டிலும் இருப்பவை. ஆனால் ஒரு நாட்டுக்கு இருப்பது ஒரு படைதான். அதே சிப்பாய்களை, அதே டாங்கிகளை, அதே விமானங்களை ஒன்றியத்துக்கும் தருவோம் என்கிறார்கள், கூட்டணிக்கும் தருவோம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் என்ன நடக்கும்? ஒரு நாட்டின் டாங்கிகள் இன்னொரு நாட்டின் பாலத்தையும் ரயில் பாதையையும் சுங்கத்தையும் தாண்டி எப்படிப் போகும்? அதற்கு ஒன்றியம் என்ன செய்யவேண்டும், கூட்டணி என்ன செய்யவேண்டும்? இதுதான் என் ஆய்வு.

அம்மாவுக்கு நான் சொன்ன விதம் இன்னும் சுருக்கமாக இருந்தது. ஆமிகள் ஒன்றாக வேலை செய்வதைப் பற்றிப் படிக்கிறேன் என்றேன்.

"ஒரு ஆமி காணாதெண்டு இப்ப கன ஆமியோ," என்றார் அம்மா. கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் இந்தச் செய்தி வேறு உருவம் எடுத்தது. ஒன்பதாம் மாடி அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆமியில சேந்திட்டியாம், உண்மையோ பிள்ளை? யூனிபோர்ம் எப்ப குடுப்பினம்?"

"நான் சேரேல்லை அன்ரி. அவையைப் பற்றி எழுதுறன்."

"எழுதுறதுக்கும் ஆமியில ஆள் எடுக்கினமோ," என்று சொல்லிக்கொண்டே தன் மாடியில் இறங்கிப் போனார்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பில்லாத ஒன்று மட்டும் இருந்தது. ஆய்வின் முடிவில் வாய்மொழிப் பரீட்சை நடக்கும். பேராசிரியர்கள் கேள்வி கேட்க, எழுதியவர் பதில் சொல்லவேண்டும். எங்கள் துறையில் குடும்பத்தாரும் வந்து பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். எனக்கு முன்னே பரீட்சை கொடுத்த பெண்ணுக்கு அவளுடைய தாயும் தகப்பனும் வந்திருந்தார்கள். தகப்பன் நடுவில் நித்திரையாகிவிட்டார். அதைக்கூட நான் பொறாமையோடுதான் பார்த்தேன். என் பரீட்சைக்கு அம்மா வந்து இருக்கவேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்கு அந்த வாரம் வேலையில் லீவு கிடைக்காது என்று முதலே தெரியும்.

"நான் வரேல்லை," என்றார் அம்மா.

"ஏன் அம்மா?"

"ஆமிக் கதை கேக்க நான் அவ்வளவு தூரம் பஸ் எடுத்து வரவோ. நீ வடிவாச் செய். நான் கோயிலுக்குப் போய் அருச்சனை செய்யிறன்."

இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அருச்சனைதான் கிடைத்தது.

பரீட்சை கோடைகாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் எங்கள் ஊர்க்காரரின் ஒன்றுகூடல். அதையொட்டித்தான் கிடாரப் பிரச்சினை வந்தது.

ரொறன்ரோவில் எங்கள் ஊருக்கு இரண்டு சங்கங்கள் உண்டு. ஒன்று ஊர்ச் சங்கம், ஊரில் பிறந்த எவரும் அதில் இருக்கலாம். மற்றது பழைய மாணவர் சங்கம், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு. ஆட்களைப் பார்த்தால் பெரும்பாலும் அதே முகங்கள். ஒரு கிழமை ஊர்ச் சங்கமாகக் கூடுவார்கள், மறுகிழமை பழைய மாணவராகக் கூடுவார்கள். அயலூரிலிருந்து வந்து படித்த சிலர் இரண்டாவதில் மட்டும் இருப்பார்கள். அம்மாவைப் போல வகுப்பறை பறிபோனவர்கள் சிலர் முதலாவதில் மட்டும். "மூண்டாம் வகுப்பெல்லாம் படிப்போ," என்று அம்மா தானாகவே அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டார்.

இரண்டு தலைவர்களும் தங்களுக்குள் கதைப்பதில்லை. எப்போதோ ஒரு கூட்டு விழாவின் அழைப்பிதழில் எந்தச் சங்கத்தின் பெயர் மேலே வருவது என்று தொடங்கிய சண்டை. அதன் பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒரு சங்கத்தில் பேசியதை மற்றச் சங்கத்தில் சொல்லக்கூடாது. இதை எவரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாரும் காத்தார்கள். இந்தக் கூட்டத்தில் இருந்த அதே அங்கிள் அந்தக் கூட்டத்தில் போய் இருக்கும்போது முதலாவதை "அவை" என்றுதான் சொல்லுவார். "அவை என்ன செய்யினமோ ஆருக்குத் தெரியும்" என்பார். அவருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவரே அவர்தான்.

அந்தக் கோடையில் இரண்டு சங்கமும் ஒரே சனிக்கிழமையை, ஒரே பூங்காவை, அடுத்தடுத்த இடங்களைப் பிடித்துவிட்டன. இரண்டிலும் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவதாக முடிவாகியிருந்தது. ஊர்க்காரருக்குப் பொதுவாக இருப்பதோ ஊருக்கே காய்ச்சக்கூடிய ஒரேயொரு பெரிய கிடாரம். அதைக் கொடுப்பதாக இரண்டு கூட்டத்திலும் ஆட்கள் தலையாட்டியிருந்தார்கள். கூழ் காய்ச்சுகிற ஆட்களும் அவர்களேதான். இரண்டு கூட்டத்திலும் இருந்த எவரும், "அண்டைக்கு நான் அங்கயெல்லோ நிப்பன்" என்று வாய் திறக்கவில்லை. சொன்னால் மற்றச் சங்கத்தின் கதையைக் கொண்டுவந்ததாகிவிடும்.

கிடாரம் எங்கள் வீட்டு பல்கனியில்தான் கவிழ்ந்து கிடக்கும். ஆகவே விஷயம் அம்மாவிடம் வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை ஊர்ச் சங்கத் தலைவர் போன் எடுத்து, "கிடாரத்தைக் கழுவி வையுங்கோ" என்றார். அன்று பின்னேரமே மற்றத் தலைவர் சார்பில் ஓர் ஆள் எடுத்து அதையே சொன்னார். அம்மா இருவருக்கும் ஓம் என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கிடாரம் ஒண்டு. வாய் ரெண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆய்வில் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் இதைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அப்போது சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஆமியா என்பார்.

அம்மா அடுத்ததாகச் செய்தது பழைய மாணவர் சங்கத்தின் சமையல் பொறுப்பாளரான ஓர் அன்ரியை அழைத்தது. இருவரும் யூனியன்வில்லில் ஒரே முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா மிளகாய் காம்பு கிள்ளினார்.

"நான் சங்கத்துக்காகக் கதைக்கேல்லை, சொல்லிப்போட்டன்," என்றார் அம்மா.

"நானும் கதைக்கேல்லை. சும்மா எடுத்தனீங்கள், சும்மா கதைக்கிறம்," என்றார் அன்ரி.

"சனிக்கிழமை நீங்கள் எந்தப் பக்கம்?"

"நான் ரெண்டு பக்கமும். என்ர மனுசன் ரெண்டிலயும் காசாளர். எனக்கு எங்க நிக்கிறதெண்டு தெரியேல்லை. உங்கட தலைவர் என்ன சொல்லுறார்?"

"கிடாரத்தைக் கழுவட்டாம்."

"எங்கட ஆளும் அதைத்தான் சொல்லுறார். ரெண்டு தரம் கழுவுங்கோவன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் வேலையைக் கதைத்தார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு மரம் நிற்கிறது, அதன் கீழே காஸ் அடுப்பை வைப்பது. மீனும் நண்டும் அம்மாவின் பக்கம், ஒடியல் மாவும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அன்ரியின் பக்கம். ஒரே கூழ். இரண்டு பக்கத்துக்கும் ஊற்றுவது. எந்தத் தலைவரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்று சொல்லவேண்டி வரும். கேளாமல் விட்டால் இருவரும் பார்த்தும் பாராமல் இருப்பார்கள்.

நான் மேசையில் என் ஆய்வின் கடைசித் திருத்தங்களோடு இருந்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. போன் வைத்ததும் சொன்னேன்.

"அம்மா, பிரசல்ஸிலயும் இப்பிடித்தான்."

"எங்கை?"

"நான் எழுதுற இடம். ஒன்றியத்தில மட்டும் இருக்கிற ஒரு சின்னத் தீவு. கூட்டணியில மட்டும் இருக்கிற பக்கத்துப் பெரிய நாடு. ரெண்டுக்கும் ஆகாது. அதால ரெண்டு பகுதியும் முறையா ஒரு மேசையில இருந்து எல்லாத்தையும் கதைக்கேலாது. ஒரு கடதாசியை மற்றப் பக்கத்துக்குக் குடுக்கக்கூடக் கஷ்டம். அப்ப என்ன செய்யினமெண்டால், கீழ வேலை செய்யிற ஆக்கள் கோப்பி குடிக்கிற சாட்டில சந்திச்சுக் கதைச்சு வேலையை ஒப்பேத்தினம்."

அம்மா ஒரு மிளகாயைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"உதைக் கண்டுபிடிக்கவே ரெண்டு வருசம் படிச்சனி?"

"ஓம்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றார். ஆனால் அவருடைய முகத்தில் ஒரு புதுக் கவனம் இருந்தது. அன்றுதான் முதல்தடவையாக என் ஆய்வைப் பற்றி அவராகவே ஒன்று கேட்டார். "அந்தப் பெரிய நாட்டுக்காரருக்கும் தீவுக்காரருக்கும் என்ன கோவம்?" சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அழைப்பிதழை விடப் பெரிய விசயம்தான்," என்றார்.

சனிக்கிழமை வெயில் நல்லபடி அடித்தது. பூங்காவில் இரண்டு பதாகைகள், நடுவில் மரம், மரத்தின் கீழே கிடாரம். ஊர்ச் சங்கத்தின் ஒலிபெருக்கி "எமது சங்கத்தின் கூழ் தயாராகிக்கொண்டிருக்கிறது" என்றது. சற்று நேரத்தில் மற்ற ஒலிபெருக்கியும் அதையே சொன்னது. கயிறிழுத்தலுக்கு ஆள் பிரித்தபோது ஓர் அங்கிள் இரண்டு பக்கமும் இழுத்தார். தலைவர்கள் இருவரும் தனித்தனியாக வந்து கிடாரத்தை எட்டிப் பார்த்து, உப்புப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தத்தம் பக்கம் திரும்பினார்கள். அடுத்த பக்கத்தில் யார் நிற்கிறார் என்று எவரும் கேட்கவில்லை.

அம்மா நீண்ட அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கோப்பைகளை அடுக்கினேன். கூழ் தடிக்கத் தொடங்கினால் கையை எடுக்கக்கூடாது, அடிப்பிடித்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் அம்மா எங்கும் போகமுடியாது. என்னோடு கதைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நான் மூன்றாம் முறை கேட்கவேண்டும் என்று நினைத்து வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"உந்த ஆமியள் நாடு விட்டு நாடு போகுது எண்டாய். போற வழியில எங்க படுக்கிறவை?"

அவர் கூழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தக் கேள்வி என்று எனக்கு உடனே விளங்கியது. இந்தத் தலைப்பை நான் எடுத்ததே அதனால்தான் என்று அதுவரை அவரிடம் சொன்னதில்லை. என்னிடமே சரியாகச் சொன்னதில்லை. நான்காம் அத்தியாயம் முழுவதும் அதுதான்.

"கேட்டுட்டுத்தான் வரவேணும் அம்மா," என்றேன். "ஒரு நாட்டுக்குள்ளால போறதெண்டால் முதலே அந்த நாட்டுக்கு அறிவிச்சு ஓம் வாங்கவேணும். எந்த ரோட்டால போறது, எந்தப் பாலம் அந்தப் பாரத்தைத் தாங்கும், எங்க நிண்டு எண்ணெய் அடிக்கிறது, எங்க படுக்கிறது, எல்லாம் அந்த நாட்டோட பேசித்தான் முடிவெடுக்கிறது. ஒன்றியமும் கூட்டணியும் இப்ப மினக்கெடுறது உதுக்குத்தான். ஓம் சொல்லுறதுக்கு எடுக்கிற நாளைக் குறைக்கப் பார்க்கினம். கேக்கிறதை நிப்பாட்டேல்லை."

"அந்த நாட்டுக்காரர் படுக்கப் பள்ளிக்கூடத்தைக் காட்டினால்?"

"காட்டமாட்டினம். அதுக்கெண்டு முகாம்கள் இருக்கு. லத்வியாவில கனடாக்காரர் இருக்கிறதும் முகாமிலதான், அந்த நாடு கேட்டுத்தான் போனவை."

"சண்டை வந்தால்?"

பேராசிரியரிடம் சொல்லும் பதில் ஒன்று இருந்தது. அம்மாவிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"சண்டை வந்தால் எப்பிடியெண்டு எனக்கு நிச்சயமாத் தெரியாது. ஆனால் எழுத்தில இருந்தால் பிறகு கேள்வி கேக்கலாம்."

அம்மா அகப்பையை அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். நண்டுக்கால் ஒன்று மேலே வந்து மறுபடி அமிழ்ந்தது.

"எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை," என்றார்.

அந்தக் குரலில் அழுகை இல்லை. தயிர்க்கடைக்காரன் மீதிக் காசு தரவில்லை என்று சொல்வதுபோல, நடந்ததைச் சொன்னார். நான் கோப்பைகளைக் காற்று தள்ளிவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு ஒலிபெருக்கியிலும் வேறு வேறு பாட்டுப் போனது.

அம்மா துழாவிக்கொண்டே கேட்டார்: "செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு உன்ர சோதினை?"

"பத்து மணிக்கு. ஏன்?"

"ஏனெண்டால்? வேலையில சொல்லவேணுமெல்லோ."

அன்று கூழ் இரண்டு பக்கத்துக்கும் போதுமாக இருந்தது. மரத்தின் கீழே இரண்டு வரிசை தொடங்கி, முடிவில் ஒரு வரிசையாகிவிட்டது. தலைவர்கள் இருவரும் அந்த ஒரே வரிசையில், இடையில் நாலைந்து ஆட்களை விட்டு நின்றார்கள். அவர்கள் அன்றும் கதைக்கவில்லை. இன்றுவரை கதைக்கவில்லை என்றே நினைக்கிறேன். கிடாரத்தைக் கழுவ மட்டும் எந்தச் சங்கமும் வரவில்லை. அதை நானும் அன்ரியும் பூங்காவின் குழாயடியில் மணலும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தோம்.

செவ்வாய்க்கிழமை அம்மா மயில்கழுத்து நிறத்தில் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை. பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் எல்லாரும் பார்த்தார்கள். மடியில் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் மட்டன் றோல்ஸ். "சோதினை வைக்கிற ஆக்களுக்கு," என்றார். அப்படிக் கொடுப்பது இங்கே சரியா என்று எனக்குத் தெரியவில்லை. பரீட்சை முடிந்த பிறகு கொடுக்கலாம் என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்.

அறை சிறியது. நீள மேசை, சுவரில் ஒரு திரை, திரையில் வேறொரு நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர். மேசையில் இரண்டு பேர். அம்மா பின்வரிசையில் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காரப் போனார். என் வழிகாட்டிப் பேராசிரியர் எழுந்து முன்னால் ஒரு கதிரையை இழுத்து விட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வந்து உட்கார்ந்தார்.

நான் பேசினேன். எனக்கு இந்த வேலை நன்றாக வரும், அதை மறைக்க விரும்பவில்லை. பால்டிக் நாடுகளின் ரயில் பாதை அகலம் மற்ற ஐரோப்பாவோடு பொருந்தாததால் டாங்கிகளை எல்லையில் இறக்கி ஏற்றவேண்டியிருப்பதைப் படம் காட்டி விளக்கினேன். ஒன்றியத்திடம் பாலங்களுக்கும் பாதைகளுக்கும் நிதியும் சட்டமும் இருக்கிறது, கூட்டணியிடம் எந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கவேண்டும் என்ற கணக்கு இருக்கிறது, ஒன்றில்லாமல் மற்றது நகராது என்றேன். திரையில் இருந்தவர் நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். ஒரே படைப்பிரிவை இரண்டும் ஒரே நாளில் கேட்டால் யார் தீர்மானிப்பது? ஒரு கணம் கிடாரத்தின் கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டேன். அது எங்கள் வீட்டுச் சிரிப்பு. தவிர, கூழ் இரண்டு பக்கத்துக்கும் ஊற்றலாம். ஒரு படைப்பிரிவை அப்படி ஊற்ற முடியாது. அந்தந்த நாடுதான் தீர்மானிக்கும், இரண்டு தலைமையகமும் அதை மாற்ற முடியாது, ஆகவே கேள்வி வரமுன்னரே கதைத்து வைப்பதுதான் ஒரே பாதுகாப்பு என்று, எழுதியதிலிருந்து பதில் சொன்னேன்.

அம்மா ஒரு தடவையும் நித்திரையாகவில்லை. ஆங்கிலத்தில் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. நான் பேசும்போது என்னைப் பார்த்தார். அவர்கள் கேட்கும்போது அவர்களைப் பார்த்தார், கடைக்காரரின் தராசைப் பார்ப்பதுபோல.

முடிவில் எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்மானிப்பார்கள். நடைபாதையில் ஒரு வாங்கு இருந்தது. அம்மா றோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு இருக்கமுடியவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தலைகள் அசைவது தெரிந்தது.

"என்ன இவ்வளவு நேரம் கதைக்கினம்?" என்றார் அம்மா.

"வழக்கமா இப்பிடித்தான்."

"அந்த ரீவீக்குள்ள இருந்தவர் உன்னை வெருட்டப் பார்த்தவர். நீ விடேல்லை."

"விளங்கினதோ?"

"உன்ர முகம் விளங்கினது."

ஒரு மாணவர் கூட்டம் எங்களைக் கடந்து போனது. அதில் ஒருத்தி அம்மாவின் சேலையைப் பார்த்து அழகாயிருக்கிறது என்றாள். அம்மா ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"பெயில் ஆக்கினால் திருப்பி எடுக்க விடுவினமோ?"

"விடுவினம். இன்னொரு நாள் வைப்பினம்."

"அப்ப பிரச்சினையில்லை," என்றார். "நான் திருப்பியும் வாறன்."

கதவு திறந்தது. என் பேராசிரியர் சிரித்த முகத்தோடு எட்டிப் பார்த்து எங்களைக் கூப்பிட்டார். நான் அசைவதற்குள் அம்மா எழுந்துவிட்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பெட்டியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, எனக்கு முன்னால் அந்த அறைக்குள் போனார்.